குமாரவேலின் மீனும் நாற்பத்துநாலு அங்குலப் பிரிண்டரும்

“இந்தக் கை அளந்தா அளந்ததுதான். சர்வேகாரன் டேப்பு எடுத்துகினு வந்தாலும் ஒரு இஞ்சு தப்பாது. அப்டியே தப்புனா, டேப்புலதான் இன்னாவோ கோளாறு.”

திருவொற்றியூர் குப்பத்து டீக்கடையில், ஒரு கையில் கிளாசும் மறு கையில் பன்னுமாக நின்று குமாரவேல் இதை அறிவித்தார். எந்த ஆண்டு என்பது சரியாகத் தெரியவில்லை. யாரும் மறுத்துப் பேசவில்லை என்பது மட்டும் உறுதி. அப்போது கடையில் இருந்த மூன்று பேரும் அவர் டிரைவராக இருந்த விசைப்படகில் வேலை பார்த்தவர்கள்.

முப்பது வருஷம் காசிமேட்டிலிருந்து படகு ஓட்டிய மனிதர். அளவுகோல், டேப், ஸ்கேல் எதையும் வீட்டுக்குள் சேர்த்ததில்லை. வலை, கயிறு, மகளின் பள்ளிக்கூடப் பாவாடை, மாடிப்படிக் கைப்பிடி எல்லாமே கை விரித்துத்தான். கல்யாணமான புதிதில் மனைவி முத்தம்மாவுக்கு ஒரு இரும்பு பீரோ வாங்க நினைத்தார். கதவுக்கு எதிரே நின்று கையை விரித்து அளந்தார்; விரித்த கையை மடக்காமல் அப்படியே பஸ் ஏறிக் கடைக்குப் போனார். வழியில் இரண்டு பேர் அவரைக் கண்பார்வை இல்லாதவர் என்று நினைத்து சாலையைக் கடக்க உதவினார்கள். பீரோ வந்தது, வாசலில் நின்றது, உள்ளே நுழையவில்லை.

“மழைல சொவரு ஊதிப்போச்சு,” என்றார் குமாரவேல்.

“ஆமா, கோடைல சுருங்கும், அப்போ உள்ள எடுத்துக்கலாம்,” என்றாள் முத்தம்மா. இருபத்தெட்டு கோடை போய்விட்டது. பீரோ இன்றைக்கும் வெளியே தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. புடவை எடுக்க வேண்டுமென்றால் முத்தம்மா தெருவுக்கு வர வேண்டும்.

இப்படிப்பட்டவரின் வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய மீன். பதினேழு பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வலையில் விழுந்த கத்தாளை. பிடித்த அன்று அதன் நீளம் என்ன என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஏலம் முடிந்த கையோடு மீன் லாரியேறிவிட்டது. அதற்குப் பிறகுதான் அது வளரத் தொடங்கியது. முதல் வருஷம் குமாரவேல் முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே நீளத்தைக் காட்டினார். மூன்றாம் வருஷம் முழங்கை விலகியது. ஏழாம் வருஷத்தில் இரண்டு கையும் சிலுவைபோல் முழுதாக விரிந்துவிட்டன. அதற்குமேல் கைக்கு நீளம் கிடையாது. மனம் தளராத மனிதர், “கை இங்க முடிஞ்சிடுச்சி. மீனு இன்னும் போய்கினே கீது,” என்று கண்ணால் காட்ட ஆரம்பித்தார்.

இந்த வளர்ச்சி யாருக்கும் தொந்தரவில்லாமல் நடந்துகொண்டிருந்தது, மகள் கீர்த்தி பிரிண்டர் வாங்கக் கிளம்பும்வரை.

கீர்த்தி கல்யாணப் போட்டோ எடுப்பவள். ராயபுரம் முதல் எண்ணூர் வரை அவள் படம் எடுக்காத மண்டபம் இல்லை. அவளுக்கு ஒரே ஒரு குறை. படத்தை அவள் எடுக்கிறாள்; பிரிண்ட் போடுவது ஊருக்குள் இருக்கும் ஏதோ ஒரு லேப். எண்ணூர்க் கடற்கரையில் பிறந்து வளர்ந்த கறுத்த பெண்ணை அந்த லேப் பால்கோவா நிறத்தில் அனுப்பி வைக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, இவள் யார் என்று கேட்ட சம்பவமும் உண்டு. அதனால் நெடுஞ்சாலையோரம் எட்டுக்குப் பத்தில் ஒரு அறை பிடித்திருந்தாள். சொந்த மெஷின், சொந்த மை, மாநிறத்தை மாநிறமாகவே காட்டும் பிரிண்ட்.

மூன்று மாதம் விசாரித்து ஒரு மெஷினைத் தேர்ந்தெடுத்தாள். இருபத்துநாலு அங்குல அகலத் தாள் போகும். பன்னிரண்டு மை, அதில் கறுப்பே இரண்டு விதம். கடற்காற்றிலும் சீக்கிரம் வெளுக்காத மை. வைத்ததுபோக அறையில் ஒரு ஸ்டூலும் பின்னால் ஒரு நீலத் துணியும் போட இடமிருக்கும். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வருகிறவர்கள்தானே அன்றாட வரும்படி. பேங்கில் கடனும் சொல்லியாகிவிட்டது. பாக்கி ஒன்றுதான்: ஜாமீன் கையெழுத்து. போட வேண்டியவர் குமாரவேல்.

“இருபத்துநாலா?” குமாரவேல் பேனாவைக் கீழே வைத்தார். “என் மீனு அதுல வருமா?”

“இன்னா மீனு?”

“இன்னா மீனா? கடை தொறக்குற அன்னிக்கி மொத பிரிண்டு என் கத்தாளை. அசல் சைஸு. செவுத்துல மாட்டுறோம். ஊரே பாக்கட்டும்.”

மீனுக்குப் படம் இருந்தது. ஐஸ் பேக்டரி அப்துல் வஹாப் எடுத்தது. வஹாப் வெளிநாட்டிலிருந்து ஒரு கேமரா கொண்டுவந்திருந்தார். அதை எங்கே நீட்டினால் எது விழும் என்பது கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. கத்தாளை முழுசாக விழுந்தது. பக்கத்தில் நிமிர்ந்து நின்ற குமாரவேலில் கணுக்காலும் பாதமும்தான் விழுந்தன. வாலருகே ஒற்றைப் பாதம், மீனின் தலைப்பக்கம் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. நெகட்டிவைக் கீர்த்தி நன்றாகவே ஸ்கேன் செய்து வைத்திருந்தாள்.

“நைனா, நீளம் பிரச்சனயே இல்ல. ரோல் தாளு, எவ்ளோ நீளம் வேணாலும் வரும். அகலந்தான் ரெண்டு அடி. காலை வெட்டிட்டா உன் மீனு பேஷா வந்துரும்.”

“காலை வெட்டுறியா?” குமாரவேல் எழுந்தே விட்டார். “கால் இல்லன்னா அது எவன் மீனோ! அந்த ரெண்டாவது வெரலைப் பாரு. வலை இழுக்குற விஞ்சுல மாட்டி நகம் போன வெரலு. குப்பத்துல கொயந்திக்குக்கூட தெரியும் அது யாரு காலுன்னு. அதாண்டி சாட்சி.”

சாட்சியையும் சேர்த்து, அவர் சொன்ன நீளத்துக்குக் கீர்த்தி கணக்குப் போட்டாள். மூன்றரை அடி அகலம் வந்தது. அப்படியென்றால் நாற்பத்துநாலு அங்குல மெஷின்தான். அதன் உடம்பு மட்டுமே ஆறு அடி. எட்டுக்குப் பத்து அறையில் அதை வைத்தால் ஸ்டூலுக்கு இடமில்லை.

“பாஸ்போர்ட் படத்துக்கு வர்றவங்கோ எங்க ஒக்காருவாங்கோ?”

“பிளாட்பாரத்துல. காத்து வரும்.”

“லாரியும் வரும் நைனா.”

“அப்போ கையெழுத்தும் வராது,” என்றார் குமாரவேல். ஒரு மனிதர் தன் மீனுக்காக எவ்வளவு தூரம் போவார் என்பதற்கு எல்லையே இல்லை.

சனிக்கிழமை காலை பேங்க் தாள்களையும் எடுத்துக்கொண்டு தகப்பனும் மகளும் எம்.கே.பி. நகரில் பிரிண்டர் விற்கும் ஜெனிஷின் கடைக்குப் போனார்கள். இரண்டு மெஷினும் அங்கே இருந்தன. வாங்குகிறவர் தன் படத்தைக் கொண்டுவந்தால் போட்டுக் காட்டுவார்கள். ஜெனிஷ் நாகர்கோவில் பக்கம். பெரிய மெஷினைப் பெரியவர் கேட்கிறார் என்று தெரிந்ததுமே அவருக்குத் தனி நாற்காலி போட்டான்.

“எத்தினி எச்.பி.?” என்று தொடங்கினார் குமாரவேல்.

“இது என்ஜின் இல்ல அண்ணாச்சி.”

“ஓடுதுல்ல? மைலேஜ் இன்னா குடுக்கும்?”

“ஒரு டேங்க் மைக்கு எவ்வளவு படம்னு கேக்கியளா? அது படத்தப் பொறுத்து…”

“நாசில் கீதா?”

“இருக்கு அண்ணாச்சி! ஆயிரக்கணக்குல இருக்கு. அதுலயிருந்துதான் மை தெறிக்கும். ரொம்ப நாள் சும்மா போட்டா அடைச்சுக்கிடும், அதான் ஒரே தொல்லை.”

குமாரவேலின் முகம் மலர்ந்தது. படகு என்ஜினில் டீசல் தெறிப்பதும் நாசில் வழியாகத்தான்; இந்த இயந்திரம் கடைசியில் அவருடைய உலகத்துக்கு வந்துவிட்டது. “அடைச்சா இன்னா? கழட்டி டீசல்ல ஊறப்போடு. வாய வெச்சி ஒரு ஊது. சும்மா பிச்சிக்கினு போவும்.”

ஜெனிஷ் சிறிது நேரம் பெரிய மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான், அதற்குக் காது கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

முதலில் கீர்த்தியின் படம். சின்ன மெஷினில் ஒரு நெட்டுக்குப்பம் கல்யாணப்பெண். தாள் வெளியே வரவர கீர்த்தி குனிந்துகொண்டே போனாள். கறுத்த கன்னத்தில் மஞ்சள் பூசிய மினுமினுப்பு, கூந்தலின் கறுப்பு, நிழலின் கறுப்பு, மையிட்ட கண்ணின் கறுப்பு, எல்லாம் தனித்தனியாக வந்திருந்தன. “இவதான். இவளேதான்,” என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. குமாரவேல் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, “சரி, மீனைப் போடு,” என்றார்.

“அசல் அளவு எவ்வளவு அண்ணாச்சி?”

குமாரவேல் எழுந்து இரண்டு கைகளையும் விரித்தார். இதுவரை அந்த விரிப்பைப் பார்த்தவர்கள் எல்லாம் ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள், அல்லது டீயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜெனிஷ் வியாபாரி. சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனிவரை இழுத்தான். “அஞ்சடி ஏழு.”

“அது கை. மீனு இன்னும் கீது. ஆறரை போடு.”

பெரிய மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றான் ஜெனிஷ். தலை முதலில் வந்தது, ஒரு கூடையளவு வாயோடு. பிறகு செவுள். பிறகு ஒரு செதில் ஒரு சாசர்போல. பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்து, “ஆத்தாடி, திமிங்கலமா?” என்று கேட்டார்கள். குமாரவேல் பெருமையில் நாற்காலியோடு சேர்ந்து அரை அடி உயர்ந்திருப்பார். தான் சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை இத்தனை வருஷத்துக்குப் பிறகு கண்ணெதிரே முழு ஆளாக வருகிறது.

வால் தொடங்கும் இடத்தில், கீழோரமாக, கட்டைவிரல் வந்தது.

“கால்! கால் பாரு கீர்த்தி!”

நகமில்லாத இரண்டாவது விரல் வந்தது. மற்ற மூன்றும் வந்தன. பாதம் வந்தது. கணுக்கால் வந்திருக்க வேண்டும். வரவில்லை, இன்னும் பாதமே வந்தது. மெஷின் இடமும் வலமும் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. மேலும் பாதம் வந்தது. வால் முடிந்து வெறும் தரை வந்த பிறகுதான் குதிகால் வந்து சேர்ந்தது.

“அண்ணாச்சிக்கு நல்ல லட்சணமான கால்,” என்றான் ஜெனிஷ், விற்பனை மரியாதையோடு. “செருப்பு கெடைக்கிறதுதான் பாடு, இல்லியா?”

குமாரவேல் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

ஜெனிஷ் தாளை வெட்டித் தரையில் விரித்துவிட்டு, கீர்த்தியோடு மேஜைக்குப் போனான். மெஷினை அந்த அறைக்குள் எப்படி நுழைப்பது, கண்ணாடிக் கதவைக் கழற்றுவதா ஷட்டரையே கழற்றுவதா என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. கீர்த்தி ஒரு தாளில் அறையை வரைந்து, ஸ்டூல் இருந்த இடத்தை அடித்துக்கொண்டிருந்தாள். ஒருமுறைக்கு இரண்டுமுறை அடித்தாள்.

குமாரவேல் இரண்டு பக்கமும் பார்த்தார். வலது செருப்பைக் கழற்றினார். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, தாளின் ஓரமாக, படத்துப் பாதத்தை ஒட்டித் தன் பாதத்தை வைத்தார். குதிகாலுக்குக் குதிகால் சரியாக. நகமில்லாத விரல் நகமில்லாத விரலைப் பார்த்தது. இரண்டு நுனிக்கும் நடுவே அரைச் சாணுக்குமேல் தரை இருந்தது; படத்துக் கால்தான் நீளம்.

குதிகாலைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் பார்த்தார். பிறகு அவரே பின்னால் இழுத்துக்கொண்டார். மீனின் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு மேஜைக்கு வந்தார்.

“கீர்த்தி. இருபத்துநாலே எடு.”

“அதுல உன் மீனு வராதே நைனா?”

“வரும்.”

“காலை வெட்டிட்டா?”

“கால் வெச்சே வரும். மேல தரையக் கொஞ்சம் வெட்டிக்க. பேனாவக் குடு, எங்க கையெழுத்துன்னு காட்டு.”

கீர்த்தி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையில் கிடந்த படத்தைப் பார்த்தாள். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

பெரிய மெஷின் கைவிட்டுப் போன வருத்தத்தைக் காட்டிக்கொள்ளாமல் ஜெனிஷ் கேட்டான், “சரி, கடை தொறக்கிற அன்னைக்குப் போட, மீனோட அளவ என்னன்னு குறிச்சுக்கிட அண்ணாச்சி?”

கேட்டவன் இரண்டு அடி பின்னால் நகர்ந்து இடம் விட்டான், கைகள் விரியுமே என்று. குமாரவேல் கைகளை விரிக்கவில்லை. அவன் பையிலிருந்த டேப்பை வாங்கி, எண்களைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்து, நாலடி இரண்டு அங்குலத்தில் கட்டைவிரலை வைத்துக் காட்டினார்.