பவர் இல்லாத கண்ணாடி

என் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. இருந்தும் ஆறாம் வகுப்புப் படித்த வருஷத்தில் பாதியை நான் மூக்குக்கண்ணாடியோடு கழித்தேன். வகுப்பில் என்னைச் ‘சோடாபுட்டி’ என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்குக்கூட என் கண்ணாடிக்குத் தகுதி கிடையாது. அது வெறும் கண்ணாடி. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தோம். அப்பா ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். அவருடைய தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனி ஆபீஸில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதாவது அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைக்கு மடவார் வளாகம் கோயிலில் காதுகுத்து. அம்மாவும் நானும் மட்டும் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ் கிளம்பாமல் உறுமிக்கொண்டே நின்றது. எனக்கு ஜன்னலோர சீட். எதிரே ஒரு கரும்புச்சாறு கடை. அந்தக் கடை வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள்.

எனக்குச் சந்தேகமே இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்பியபோது போட்டிருந்த அதே கிளிப்பச்சைச் சுடிதார். பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஒருவர். அவர் ஏதோ சொல்ல, அத்தை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

“அத்தே!” என்று கத்தினேன். அத்தை திரும்பினாள். என்னை நேராகப் பார்த்தாள். மறுகணம் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டாள்.

“என்னட்டி இந்தக் கத்து கத்துத?” என்று அம்மா என் தலைக்கு மேலாகக் கையை நீட்டி ஜன்னல் ஷட்டரை இறக்கினாள்.

“அங்க அத்தை நிக்காம்மா!”

“அவ ஆபீஸ்ல இருக்கா. நீ யாரையோ பாத்துட்டுச் சொல்லுத. வெயிலு வேற மூஞ்சில அடிக்கி.”

வெயில் பஸ்ஸின் மறுபக்கம் அடித்துக்கொண்டிருந்தது. அதையும் சொன்னேன். அம்மா டிக்கெட்டை மடித்துப் பர்சுக்குள் வைப்பதில் மும்முரமாக இருந்தாள். ராஜபாளையத்தில் இறங்கும்போது, “வீட்டுல போயி இதெல்லாம் உளறிக்கிட்டு இருக்காத” என்றாள்.

பார்த்ததைச் சொன்னால் அதற்குப் பெயர் உளறலா? சாயங்காலம் அப்பா டீ குடிக்கும்போது சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்குக் கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “கூட நின்னது யாரு?” என்று மெதுவாகக் கேட்டார். போன வருஷம் பக்கத்துத் தெருவில் காதலித்த ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தி, அறையில் அடைத்துவைத்து, அவசர அவசரமாக யாருக்கோ கட்டிக்கொடுத்தார்கள். அவள் அழுத சத்தம் எங்கள் வீடுவரைக்கும் கேட்டது. “கட்டிக் குடுத்தானே, அதுவே பெருசு. நானா இருந்தா வெட்டிப் போட்டிருப்பேன்” என்று இதே மெதுவான குரலில்தான் அப்பா அப்போதும் சொன்னார். பெரியவர்கள் சும்மா சொல்லும் பேச்சு என்று நான் நினைத்திருந்தேன்.

“நான் ஆபீஸ்லதாண்ணே இருந்தேன். இந்தச் சுடிதாரு ஊருல நான் ஒருத்திதான் போடுதேனா?” என்றாள் அத்தை.

“பொய்! நான் கூப்பிட்டதும் என்னையத் திரும்பிப் பாத்தேல்ல?”

அத்தை என் பக்கமே திரும்பவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“அவ பேச்ச விடுங்க. கொஞ்ச நாளாவே அவளுக்குக் கண்ணு சரியில்ல. டிவிய மூக்கால முட்டிக்கிட்டுல்லா பாக்கா. பஸ்ஸுல நானும் பக்கத்துலதான இருந்தேன்? அது யாரோ ஒரு பிள்ள. இவளக் கூட்டிட்டுப் போயிக் கண்ணைக் காட்டணும்னு நானே சொல்லணும்னு இருந்தேன்.”

நான் டிவியை அப்படிப் பார்த்ததே கிடையாது.

மறுநாளே கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனாள். எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை விடாமல் வாசித்தேன். ஆத்திரம் அடங்காமல், பலகையின் அடியில் பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்து வாசித்தேன். “கழுகுக் கண்ணும்மா உங்க பிள்ளைக்கு” என்று சிரித்தார் கடைக்காரர். அம்மா என்னைப் பிரேம் பார்க்கச் சொல்லிவிட்டு அவரிடம் செத்த நேரம் தணிந்த குரலில் பேசினாள். பேசும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நன்றாக இருக்கும் என் கண்ணுக்காக இவள் எதற்கு அழுகிறாள் என்று அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

கண்ணாடி வந்தது. போடாதபோது எங்கள் ஊர்ச் சஞ்சீவி மலை எப்படித் தெரிந்ததோ, போட்டபோதும் அப்படியேதான் தெரிந்தது.

“ஒரு வித்தியாசமும் தெரியலம்மா.”

“போகப் போகத் தெரியும்.”

அப்பா நம்பிவிட்டார். அச்சகத்தின் பெயர்வரை படித்த மகளை நம்பவில்லை. ஒரு பிளாஸ்டிக் பிரேமை நம்பினார். இதையெல்லாம்விடக் கேவலம், போகப் போக நானே என்னை நம்பாமல் ஆனதுதான். பஸ் போர்டை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் ஏறினேன். தெருவில் தெரிந்தவர்கள் எதிரே வந்தால் அவர்களாகக் கூப்பிடட்டும் என்று பேசாமல் நின்றேன்.

ஒருநாள் அறிவியல் டீச்சர் தண்ணீர் டம்ளருக்குள் பென்சிலைப் போட்டுக் காட்டினார். பென்சில் ஒடிந்தது மாதிரித் தெரிந்தது. “கண்ணு நம்மள எப்படி ஏமாத்துது பாத்தீங்களா?” என்றார். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. நான் எழுந்துவிட்டேன்.

“கோணலாத் தெரியுது, சரி டீச்சர். ஆனா பென்சில் இருக்குல்ல? பென்சிலே இல்லாம பென்சில் தெரியாதுல்ல?”

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் பென்சிலை வெளியே எடுத்துத் தடவிக் காட்டி, நேராகத்தான் இருக்கிறது, உட்கார் என்றார். கண் ஏமாற்றும் என்றால் கையை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்க நினைத்தேன். அத்தை வேண்டுமானால் எனக்குக் கோணலாகத் தெரிந்திருக்கலாம். அங்கே இல்லாமலேயா தெரிவாள்?

மழைக்காலம் முடிகிற சமயத்தில், வேலைக்குப் போன அத்தை ஒருநாள் வீடு திரும்பவில்லை. மறுநாள் போன் வந்தது. கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு வெளியூர் போய்விட்டாள். மாப்பிள்ளை அந்த ஹெல்மெட்காரர்தான். அவர் எங்கள் ஆட்கள் இல்லை.

அன்று பஸ்ஸில் அம்மா எனக்கு முன்பே அத்தையைப் பார்த்துவிட்டாள் என்பதும், அவர்கள் தப்பித்துப் போக அந்த மாதங்களை வாங்கிக்கொடுத்தவளே அவள்தான் என்பதும் நான் வளர்ந்த பிறகு அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா செய்தது சரி. ஆனால், ஒருத்தி உயிரோடு இருக்க வேண்டுமென்றால் இன்னொருத்தியின் கண்ணைப் பொய்யாக்கித்தான் ஆக வேண்டும் என்றிருந்த அந்த வீட்டை என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன் வந்த அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. ஜெயித்துவிட்ட வெறி மட்டும்தான் இருந்தது. “நான் அன்னைக்கே சொன்னேம்ல!” என்று கண்ணாடியைக் கழற்றித் தரையில் அடித்தேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“நீயும் பக்கத்துலதான இருந்த. உனக்குத் தெரியலையா?”

அம்மா அசையாமல் நின்றாள்.

“எனக்கும் கண்ணு சரியில்லீங்க.”

அப்பா கையை ஓங்கினார். அம்மா விலகவில்லை. எனக்கு அவள்மேல் துளி இரக்கம் வரவில்லை. கண் சரியில்லாதது இவளுக்கு என்றால் கண்ணாடியை எனக்கு எதற்குப் போட்டுவிட்டீர்கள் என்று, ஓங்கிய அந்தக் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அப்பாவிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தேன்.