காலம் வருகிற இடம்

செவ்வாய்க்கிழமை காலையில் விளக்கேற்றப் போனேன். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே சும்மா கிடக்கிற தரையில், வேப்பமரத்தடியில்தான் எங்கள் ஆத்தா இருக்கிறாள். முழ உயரக் கல், அவ்வளவுதான். அன்றைக்கு அவளைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளைக் கோடு. ஈரச் சுண்ணாம்பு வாடை.

சுண்ணாம்பு வாடை என்றால் எனக்குப் பள்ளிக்கூட விளையாட்டு விழாதான். கோட்டுக்குள்ளேயே ஓடணும் என்பார்கள். நான் ஒரு தடவைகூட ஆரம்பித்த கோட்டில் முடித்ததில்லை. பெரிய அதிகாரி வந்தாலும் ரோட்டோரம் இதே சுண்ணாம்பைத்தான் தூவுவார்கள். அதனால் இந்த ஊர்க்காரனுக்கு வெள்ளைக் கோடு என்றால் ஏதோ விசேஷம். யாரோ புண்ணியவான் ஆத்தாவுக்கு மேடை கட்டப்போகிறார் என்று நினைத்துவிட்டேன். மூலையில் அடித்திருந்த முளைக்குச்சிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கும்பிட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடினேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் குச்சிக்குப் பூவும் சாத்தியிருக்கிறது. நான் வைத்ததைப் பார்த்து எங்கள் வரிசைப் பெண்கள் செய்த வேலை. பக்கத்தில் கட்டட என்ஜினியர் டேப்போடு நின்றார்.

"யார் சார் இதுக்குப் பூ வச்சது? இது மார்க்கிங். இங்கதான் காலம் வருது."

காலம் வருகிறது என்கிறாரே, யாருக்கு? என்னையறியாமல் கை கூப்பினேன். அவர் சிரித்துக்கொண்டு தூண் மாதிரி கையைத் தூக்கிக் காட்டினார். காலம் என்றால் இங்கிலீஷில் கான்கிரீட் தூணாம். வரிசைகளுக்கு நடுவே சும்மா கிடக்கிற இடத்திலெல்லாம் நாலு மாடிக் குடியிருப்பு வருகிறதாம்.

"கொஞ்சம் அந்தாண்ட போடக் கூடாதுங்களா?"

"காலத்தத் தள்ள முடியாது சார். வெள்ளிக்கிழமை மிஷின் வருது, அதுக்குள்ள சாமிய எடுத்துடுங்க. கட்டி முடிச்சதும் தரைத்தளத்துல ஒரு ரூம் கேட்டுப் பாக்கறேன். உள்ள வச்சுக்கலாம்."

நல்ல மனுஷன். ஆனால் அந்த ரூம்தான் எனக்குப் பயமே.

சுரங்கத்துக்காக எங்கள் ஊரை எடுத்தபோது, இந்தக் கல்லை ஈரத்துணியில் சுற்றி சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி அப்பா தள்ளிக்கொண்டே வந்தாராம். அதே சுரங்கத்தில் அவருக்கு வேலை பர்மனென்ட் ஆனதும், வீடும் பர்மனென்ட் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். கல்லை நட்டு, பக்கத்திலேயே வேம்பும் வைத்தாள். மரம் வளர்ந்து, நானும் வளர்ந்து, ஒருநாள் குருவிக்கூடு பார்க்க அதில் ஏறிவிட்டேன். அம்மா விளக்குமாறோடு வந்தாள்.

"எறங்குடா! ஆத்தா தல மேல காலத் தொங்கப் போட்டுகினு குந்தியிருக்கியே, அவ மேல வானந்தான்டா இருக்கணும்!"

இறங்கிய வேகத்தில் பட்ட சிராய்ப்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது. அப்புறம் அந்த மரத்தில் ஏறியதில்லை. எனக்கு வேலை கிடைத்தபோதும் ஆத்தாவுக்காகவே இதே வரிசையில் வீடு கேட்டு வாங்கினேன். இப்போது நாலு மாடி என்றால், அவள் தலைக்கு மேல் எத்தனை கால் நடக்கும்? எத்தனை குளியலறை வரும்?

செல்வியிடம் சொல்லிப் புலம்பினேன். எங்கள் பகுதியில் கான்ட்ராக்டில் கூட்டுகிற பெண். நகரியத்துக்கு வெளியே தகர ஷெட்டில் குடியிருப்பு. செவ்வாய்தோறும் ஆத்தாவுக்கு எண்ணெய் கொண்டுவருவாள். எனக்காக ரெண்டு சொட்டுக் கண்ணீராவது விடுவாள் என்று பார்த்தேன்.

"அண்ணே, மழ பேஞ்சா எம் புள்ளைங்க கட்டில் மேல குந்திகினு கெடக்குதுங்க. கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கும் இதுல வூடு உண்டுன்னு பேசிக்கிறாங்க. எத்தினி வருசமா இவளாண்டதான் வேண்டிக்கினு இருக்கேன். இந்தக் கட்டடம் வரக் கூடாதுன்னு நீங்க வேண்டிக்கினீங்களா?"

அதைத்தான் வேண்டியிருந்தேன். ஒரே கல்லின் முன்னால் ரெண்டு வேண்டுதல். ஆத்தா யாருக்குத் தலையாட்டியிருக்கிறாள் என்று சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாலே தெரிந்தது. அப்போது வந்த பயம் வேறு மாதிரி, அவளுக்கே எதிராக வேண்டிவிட்டேனோ என்று.

செல்வியே மனமிரங்கினாள். "எங்க ஷெட்டாண்ட கொண்டாந்து வையுங்க. மேல வானந்தான்." போகிற போக்கில் ஒரு சிரிப்பு. "எனக்கு வூடு கெடைக்கிற வரிக்கும்!"

இன்றைக்கு வியாழன். துணியை நனைத்து வைத்தாயிற்று. கேரியர் வைத்த சைக்கிள் எங்கள் வரிசையில் ஒரு வீட்டிலும் இல்லை. ஸ்கூட்டரில் வைப்பதென்றால் காலடியில்தான் வைக்க வேண்டும், அது ஆகாது. மனைவி பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்கிறேன் என்கிறாள். "செல்விக்கு வூடு கெடச்சிட்டா அப்பறம் எங்கங்க வைக்கறது?" என்றும் கேட்கிறாள். கிடைக்கட்டும் என்று வேண்டவும் பயமாக இருக்கிறது, கிடைக்க வேண்டாம் என்று வேண்டவும் பயமாக இருக்கிறது.

வேம்பை நேற்றே வெட்டிவிட்டார்கள். எண்ணெய் ஊற்றிவிட்டு நிமிர்ந்தேன். நான் ஏறிய கிளை இல்லை, நிழல் இல்லை. அம்மா கேட்ட வானம் மட்டும், இந்த இடத்தில் இன்னும் ஒருநாளைக்கு, ஆத்தா தலைக்கு மேல் இருந்தது.