அப்பாவை டிரம்மில் போட்டார்கள்

டிரம்மை நிறுத்தவேண்டும் என்ற யோசனை எனக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. அப்போது நான் நான்காம் வகுப்பு. குழாயடியில் வாய் நிறைய நுரையோடு குனிந்திருந்தேன். அம்மாவின் தம்பி, என் மாமா, பைக்கை அணைக்காமலே வந்து நின்று அவளிடம் தணிந்த குரலில் சொன்னது காதில் விழுந்தது.

"மாமாவ டிரம்ல போட்டுட்டாங்கக்கா. இனிமே அவ்ளோதான்."

அம்மா கத்தவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். மாமா உள்ளே போய், ஆணியில் தொங்கிய அப்பாவின் சரிகை வைத்த சிவப்புத் தொப்பியை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கிளம்பிவிட்டார்.

ஆம்பூரில் டிரம் என்றால் என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டேனரியில் தோலைப் பதப்படுத்தப் போட்டுச் சுழற்றுகிற மரப்பீப்பாய். ஒரு வீட்டு அறை அளவுக்கு இருக்கும். எங்கள் தெருக்கோடி அண்ணன் ஒருவர் அதைக் கழுவ உள்ளே இறங்கினார். விஷவாயு அடித்துவிட்டது. துணியில் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கடகட சத்தம் கேட்டாலே நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

அப்பா டேனரி ஆள் இல்லை. பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவர். கல்யாணமோ தேரோ சாவோ, முன்வரிசையில் முதல் ஆள் அவர்தான். சரிகைத் தொப்பி அவருக்கு மட்டும்தான். ஆனால் அது ஆடி மாதம். ஆடியில் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? பேண்டுக்காரர்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனிக்கும் டேனரிக்கும் கூலிக்குப் போய்விடுவார்கள். அப்பாவும் போகவேண்டும் என்று அம்மா ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். கம்மியாக வந்தாலும் மாதாமாதம் வருமே என்பது அவள் கட்சி. அந்தக் காற்றை இழுத்தால் மூச்சே போய்விடும், மூச்சு போனால் எதை வைத்து ஊதுவது என்பது அவர் கட்சி. அந்த ஒரு மாதமாக அவர் சிரிப்பதும் குறைந்திருந்தது. சிரித்தாலும் உதட்டைத் திறக்கவில்லை. அன்று காலை யாரிடமும் சொல்லாமல் விடியுமுன்பே கிளம்பியிருந்தார்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். விடை ஒன்றுதான் வந்தது. பிரஷ்ஷைக்கூடக் கீழே போடாமல் ஓடினேன்.

டேனரி கேட்டில் இருந்த வாட்ச்மேன் தாத்தா என்னைத் தடுத்தார். "இன்னா பாப்பா, வாயெல்லாம் நுரை?"

"டிரம்ம நிறுத்துங்க. உள்ள எங்கப்பா இருக்கார்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தபிறகுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அவர் உள்ளே ஓடினார். யாரோ எதையோ நிறுத்தினார்கள். அந்தக் கடகட சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. சூப்பர்வைசர் டார்ச்சோடு ஒவ்வொரு டிரம்மாகத் திறந்து பார்த்தார். சொட்டச் சொட்ட ஈரத்தோல்தான் இருந்தது. நான் பிரஷ்ஷை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்ததில் இருப்பார், அடுத்ததில் இருப்பார் என்று நின்றேன். அப்படி நினைக்கக்கூடாது என்றும் தெரிந்தது. நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கடைசி டிரம்மிலும் தோல்தான். "ஆர் பொண்ணு இது? காலங்காத்தால பேஜார் பண்ணுது" என்று சூப்பர்வைசர் நெற்றியைத் துடைத்தார்.

மெஷின்கள் நின்றிருந்ததால்தான் அது கேட்டிருக்கவேண்டும். ரோட்டிலிருந்து பேண்டு சத்தம். துக்கப் பாட்டு. சர்ச் தெருவில் இறந்துபோன நர்ஸம்மாவை வெயிலுக்கு முன்பே அடக்கத்துக்கு எடுத்துப்போகிறார்கள். கேட்டைத் தாண்டி ஓடினேன். முன்வரிசையில் சரிகைத் தொப்பி தெரிந்தது. அப்பா என்று கிட்டே போனேன். தொப்பிக்கு அடியில் யாரோ ஒரு புது அண்ணன். அதே செட்டில் வாசிக்கிற மாமா கிளாரினெட்டை வாயில் வைத்தபடியே கண்ணால் பின்னால் காட்டினார்.

பின்வரிசையின் ஓரத்தில், வெறுந்தலையோடு, தோளில் பெல்ட் மாட்டி, அப்பா டிரம் அடித்துக்கொண்டு வந்தார்.

அந்த டிரம்மா! துக்க ஊர்வலம் என்பதையும் மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். "உன்ன டேனரி டிரம்ல போட்டுட்டாங்கன்னு நெனச்சேம்பா" என்றேன். அவர் அடி தவறவில்லை. குனிந்து என் வாயைப் பார்த்தார்.

"வாயக் கழுவிட்டு வீட்டுக்குப் போ" என்றார்.

போகிற வழியெல்லாம் பார்த்தவர்களிடம் எங்கள் அப்பாவை டிரம்மில் போட்டிருக்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனேன். வீட்டில் அம்மாவிடமும் சொன்னேன். அவள் ஏன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று தெரியவில்லை. உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு எதற்கு அழவேண்டும்?

முன்பல் ஆடினால் டிரம்பெட்காரருக்குக் காற்று நிற்காது. உதட்டை அழுத்த முடியாது, சுரம் ஓரத்தில் ஒழுகிவிடும். ஊத முடியாமல் போனவரை வீட்டுக்கு அனுப்ப மனசில்லாமல் பேண்டு மாஸ்டர்கள் டிரம்மில் போடுவார்கள். பேண்டுக்காரர்கள் அதை வேலைமாற்றம் என்று சொல்லிக்கொள்வதில்லை, இனிமே அவ்ளோதான் என்பார்கள். இதெல்லாம் எனக்குப் புரிய எத்தனையோ ஆடி போகவேண்டியிருந்தது.

இப்போது காட்பாடியில் காலேஜ். அரியர் இல்லை என்பதால் அம்மா நிம்மதியாக இருக்கிறாள். நான் தினமும் ஒரு ரயில் தள்ளி வருவதற்கு லேப் காரணம் இல்லை, பாலாற்று மணலில் மாமாவிடம் டிரம்பெட் கற்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. வருகிற ஞாயிறு சர்ச்சில் ஒரு கல்யாணம். டிரம்பெட் அண்ணன் துபாய் போய்விட்டார், ஆளில்லை. பொண்ணா இருந்தா இன்னா, சுருதி நின்னா சரி என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. அவர் எனக்குப் பின்னால் நின்று டிரம் அடிப்பார். அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் ஊத முடியாது.

தொப்பியை மாமா கொண்டுவந்து கொடுத்துவிட்டார். கொஞ்சம் பெரிது. காதுவரை இறங்குகிறது. இன்று காலை பல் தேய்த்து நுரையைத் துப்பியபிறகு, நாக்கால் முன்பல்லை ஒருமுறை தள்ளிப் பார்த்தேன்.

ஆடவில்லை. மறுபடியும் தள்ளிப் பார்த்தேன்.