லவ்டே பிழைத்தாளா

அப்பா கிளாரி நான்கர்விஸ் பென்சான்ஸ் என்ற கடலோர ஊரில் பேருந்து ஓட்டினார். ஓய்வுக்குப் பின், முன்னோரைத் தேடுகிறவர்களுக்காகத் திருச்சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றினார். சம்பளம் கிடையாது. ஒரே பக்கத்தின் படத்தைப் பார்த்து இரண்டு பேர் தனித்தனியே தட்டச்சு செய்ய வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். இந்த வேலையில் அப்பாவின் ஜோடி வென்னா ஹாக்கிங், மீன்கடை நடத்தியவள்.

"மெதடிஸ்ட் சபை ஆளு, எங்க சர்ச்சுப் புள்ளைங்கள எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்கீரு" என்று சீண்டுவாள்.

"நீ அடிக்கிற தப்ப எண்ணுறதுக்கு இது தேவல" என்பார் அப்பா.

மார்ச்சில் அவர் இறந்தார். அடக்கத்துக்கு அடுத்த வாரம் வென்னா இறைச்சி வைத்த பாஸ்டி சுட்டு எடுத்து வந்தாள். அப்பாவின் பக்கங்களில் ஒரே ஒரு வரி பாக்கி என்றாள்.

1798. லவ்டே பென்ரோஸ். பிறந்த அன்றே வீட்டில் அவசர ஞானஸ்நானம். பிழைக்காது என்று தோன்றும் குழந்தைக்கு அப்படிச் செய்வார்கள். பிழைத்தால் பிறகு ஆலயத்தில் சேர்த்து, அதையும் எழுதிவைப்பார்கள். லவ்டேயைச் சேர்த்ததாகப் பதிவு இல்லை. புதைத்ததாகவும் இல்லை. அதற்கான கட்டத்தை அப்பா காலியாக விட்டிருந்தார்.

"இவள யாராச்சும் கேட்டாங்களா, வென்னா?"

"ஒருத்தரும் கேக்கல. ஒங்கப்பாவுக்குத்தான் தெரிஞ்சாகணும். ஆஸ்பத்திரியிலயும் அதத்தான் கேட்டாரு. திங்கக்கிழமை அனுப்பியாகணும் கண்ணு. வெறுமனே விட்டுரட்டா?"

"வேணாம். குணமானா உடனே கூட்டிட்டு வருவாங்களா?"

"வசதி இருந்தா. இல்லன்னா அடுத்த புள்ளையோட சேத்துச் செய்வாங்க. ஒரே விருந்து, ஒரே கேக்கோட முடிஞ்சிரும்."

அந்தத் தாயின் அடுத்த பிள்ளை ஜேக்கப், 1802. அந்த வரியை அப்பாவே தட்டச்சு செய்திருந்தார். பக்கத்தின் படத்தைத் திறந்தேன். எக்ஸ்ரே எடுப்பது என் தொழில்; படத்துக்குள் விழாமல் போனது என்ன என்றுதான் முதலில் பார்ப்போம். இடது ஓரமே இல்லை. எழுத்துகள் விளிம்பிலிருந்து தொடங்கின. படமெடுத்தவர் ஓரத்தை வெட்டியிருக்கிறார்.

மறுநாள் வென்னாவின் காரில் ஆவணக் காப்பகம் போனோம். அசல் பதிவேட்டைப் பஞ்சு மெத்தைமேல் வைத்துத் திறந்தார்கள். ஜேக்கப்பின் பெயருக்கு இடப்புறம், பாதிரியாரின் பொடி எழுத்து:

"இவன் அக்கா லவ்டே, நான்கு வயது, இன்று சேர்க்கப்பட்டாள். தானே நடந்து வந்தாள்."

வென்னா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "தூக்கிட்டு வர்ற புள்ளையவே தேடிக்கிட்டு இருந்தோம்டி."

அந்த வரியை மறுபடி படித்தேன். அவள் என் தோளைத் தொட்டாள்.

அங்கேயே இருவரும் தனித்தனியே தட்டச்சு செய்தோம். ஒத்துப்போனது. தட்டச்சு செய்தவர் என்ற இடத்தில் அப்பா பெயரையே விட்டேன்.

"இப்ப கிளாரி இருந்தா என்ன சொல்லுவாரு தெரியுமா?" என்றாள் வென்னா.

"லவ்டே யாரைக் கட்டிக்கிட்டான்னு கேப்பாரு."

"கேப்பாரு."

காப்பகம் மூட இன்னும் நேரம் இருந்தது. திருமணப் பதிவேட்டைக் கேட்டு எழுந்தேன்.