மெக்கானிக்கின் வாயிலிருந்த நட்டு

2006 பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை, காலை 7.40. மரக்காணம் உப்பங்கழிக் கரை. வானம் தெளிவாக இருந்தது. வடகிழக்கிலிருந்து லேசான காற்று. படகின் விளிம்பில் பனி இன்னும் காயவில்லை. அன்று எழுதி வைத்த நோட்டைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். மின்வாரியக் கணக்குப் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தவனுக்கு, ஓய்வு பெற்ற பிறகும் எண்ணும் பழக்கம் போகவில்லை.

என் மனைவி வழியில் வந்த சிறிய உப்பளம் ஒன்று கழியின் அக்கரையில் இருக்கிறது. முந்தைய மழையில் அதற்குப் போகும் கரைப்பாதை இரண்டு இடங்களில் உடைந்துவிட்டது. வேலைக்கு வரும் பதினான்கு பெண்களையும் குடிதண்ணீர் கேன்களையும் இனிப் படகில்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால் கழியில் மூன்று இடங்களில் முழங்கால் ஆழம்தான். அங்கே மோட்டாரைத் தூக்காவிட்டால் விசிறி சேற்றில் சிக்கிக்கொள்ளும். எண்பது கிலோ மோட்டாரை என் அறுபத்தேழு வயதுத் தோள் தூக்காது. அதனால் பவர் டில்ட் உள்ள, படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டார் ஒன்றைப் புதுச்சேரியில் வாங்கினேன். அதன் பக்கவாட்டிலுள்ள பொத்தானை மேல்பக்கம் அமுக்கினால் மோட்டார் தானாகவே எழும்பும். கீழ்ப்பக்கம் அமுக்கினால் இறங்கும்.

அதைப் படகில் மாட்டக் கூனிமேட்டிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். வளைகுடாவில் படகுப் பட்டறை ஒன்றில் ஒன்பது வருடம் இருந்தவர். எட்டு மணி நேரத்துக்கு அறுநூறு ரூபாய் கூலி பேசினோம்.

வந்ததும் துளை போடுவார் என்று பார்த்தால், ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் படகின் பின்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். “உள்ள தண்ணி ஊறியிருந்தா சத்தம் மந்தமா வரும் சார். அதுல மாட்டினா மோட்டாரு உங்கள விட்டுட்டு தனியா போய்டும்” என்றார். நடுக்கோட்டை அவரும் அளந்தார், நானும் அளந்தேன். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. என் டேப்பின் முனை வளைந்திருந்தது.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மோட்டார் சரியாக எழும்பி இறங்குகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை பார்த்த பிறகும், மோட்டாரில் கை வைப்பதற்கு முன், அவர் படகுக்குள் ஏறி முன்பக்கம் போய், பேட்டரியின் வயரைக் கழற்றி, அதை முடுக்கியிருந்த நட்டை உதடுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு இறங்கி வருவார். பிறகு மறுபடி ஏறி மாட்டுவார். ஒரு தடவைக்குச் சராசரி நான்கு நிமிடம். கூலிக் கணக்கில் ஐந்து ரூபாய். நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். மாலையில் அதைக் கழித்துக்கொள்வதாக எண்ணம்.

அக்கரைக்குப் போகக் காத்திருந்த உப்பளத்துப் பெண் ஒருத்தி, “இன்னா சார், நட்ட மென்னுகினே இருக்கிறாரு? நாஸ்டா வாங்கித் தரலியா நீ?” என்றாள்.

அவர் நட்டை வெளியே எடுத்து, “நாலு இட்லி அக்கா. எண்ணித்தான் தந்தாரு” என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நான்கு என்பது சரிதான்.

11.25க்கு மோட்டார் பாதி எழும்பிய நிலையில் நின்றிருந்தது. நோட்டில் ஏதோ கூட்டிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தபோது அவரைக் காணவில்லை. தண்ணீர் குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். நோட்டில் பத்துக் கோடுகள். பத்தாவது முறை கழற்றிய வயரை அவர் திரும்ப மாட்டியதைக் கண்ணால் பார்த்திருந்தேன். மோட்டார் முழுக்க இறங்க எத்தனை வினாடி ஆகும் என்று தெரிந்துகொள்ள ஆசை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பொத்தானைக் கீழ்ப்பக்கம் அமுக்கினேன். அசையவில்லை. மறுபடி அமுக்கினேன். இன்னொரு முறையும்.

மோட்டாரின் மறுபக்கத்திலிருந்து ஒரு தலை நிமிர்ந்தது. அங்கே குந்தி உட்கார்ந்திருந்தார். உதட்டில் நட்டு. இடது கை மணிக்கட்டு வரை பிராக்கெட்டின் இடுக்கில், கீழ் போல்ட்டைப் பிடித்தபடி இருந்தது. மோட்டார் இறங்கினால் மூடிக்கொள்ளும் இடுக்கு அது. பதினொன்றாவது முறை அவர் ஏறி இறங்கியதை நான்தான் பார்க்கவில்லை.

கையை மெல்ல வெளியே எடுத்தார். “அமுக்கினீங்களா சார்?”

“மூணு தடவை” என்றேன்.

“இது என் வாயில இருக்குற வரைக்கும் முந்நூறு தடவ அமுக்குங்க, ஒண்ணும் ஆவாது” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு, கழியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கல்ஃப்ல என்கூட ஒரு ஆந்திராக்காரரு வேலை பாத்தாரு. ரெண்டு வெரலு போச்சு. அமுக்கினது நான்தான் சார். அவரு அந்தாண்ட இருந்தது எனக்குத் தெரியல.”

வேறு யாரும் கரண்ட் கொடுத்துவிடாதபடி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கம்பம் ஏறும் லைன்மேன்களோடு முப்பத்தோரு வருடம் ஒரே அலுவலகத்தில் இருந்தவன் நான். அதே காரியத்தை ஒருவர் என் கண்ணெதிரே செய்தபோது, அதற்கு ஐந்து ரூபாய் விலை போட்டுக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவது முறை வயரைக் கழற்றியதும் அவர் நட்டை வாயில் வைக்கவில்லை. “இத நீங்க வெச்சுக்கங்க சார். நான் கேட்டாத்தான் குடுக்கணும்” என்று என் உள்ளங்கையில் வைத்தார். சற்று முன் பொத்தானை அமுக்கிய கையில்! பத்தொன்பது நிமிடம் அதை மூடிய கைக்குள் பிடித்தபடி நின்றேன். அந்த நேரம் முழுக்க அவர் கை இடுக்கில்தான் இருந்தது. ஒருமுறைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

மாலை 4.10க்குப் படகை இறக்கினோம். மூன்று இடத்திலும் மோட்டார் தானாக எழும்பியது, சேற்றைத் தொடவில்லை. கூலியை எண்ணாமல் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, “கரெக்ட்டா இருக்குது சார்” என்று சிரித்தார்.

இன்றும் யாராவது ஒரு வேலையை மெதுவாகச் செய்தால், அந்த நிதானத்துக்குள் யாருடைய விரல் பத்திரமாக இருக்கிறதோ என்று நினைத்து, கடிகாரத்தைப் பார்க்காமலிருக்கப் பழகிவருகிறேன். மோட்டார் 62,000, பேட்டரி 3,200, போல்ட்டும் பசையும் 740, வண்டி வாடகை 450, கூலி 600. ஆக மொத்தம் 66,990 ரூபாய், நான் பிடித்துக்கொள்ள நினைத்த அறுபது ரூபாயும் சேர்த்து.