எங்கள் கிணறு லாரி ஏறி தி. நகர் போன கதை

வெள்ளிக்கிழமை, காலை ஐந்து மணி. கொட்டிவாக்கத்தில் எங்கள் தெருப் பொதுக் கிணற்றடியில் தண்ணீர் லாரி நிரம்பிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும். நான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு பையோடு பக்கத்தில் நின்றேன். பைக்குள் ஒன்றுமில்லை. ஊருக்குப் போகிறவன் கையில் பை இருந்தால்தான் மரியாதை.

ஊர் என்று நான் சொல்வது தி. நகரை. பன்னிரண்டு கிலோமீட்டர். சிரிக்க வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எனக்கு சைக்கிள் பஞ்சர் கடை. உலகமே என் கடைக்கு வந்து காற்றடித்துக்கொண்டு போகும்போது நான் எதற்கு வெளியே போகிறேன்? படிப்பு மூன்றாம் வகுப்பு. அதை இரண்டு முறை படித்தேன், ஆகவே கூட்டி ஆறு என்று சொல்லிக்கொள்வது வழக்கம்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் அந்தக் கிணறுதான். லாரி காண்ட்ராக்டர் ஒருவர் ஒரு மாதம் பரீட்சைக்கு என்று எங்கள் தெருக் கமிட்டியிடம் கேட்டு, தினம் இரண்டு லோடு எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது ஒரு வருடக் குத்தகை வேண்டுமாம், பெரிய மோட்டார் போட வேண்டுமாம். பக்கத்துத் தெருக் கிணறு போன கோடையிலேயே இப்படித்தான் உப்பாகிப் போனது. எங்கள் கிணற்றில் என் மனைவி கன்னியம்மா இந்த ஒரு மாதத்தில் இரண்டு முறை கயிற்றை நீட்டிக் கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி முடிவு சொல்ல வேண்டும்.

இந்த நேரத்தில்தான் ஒரு டிரஸ்டிலிருந்து வசந்தி மேடம் வந்தார். அவரிடம் ஒரு யோசனை இருந்தது. அதன் பெயர் "நீடித்த வளர்ச்சிக்கான கூட்டு நிதி". அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் என் கடையில் ஒரு பஞ்சர் ஒட்டிவிடலாம். எனக்குப் புரிந்தது இதுதான்: எங்கள் தண்ணீரைக் குடிக்கிற அடையாறு, மயிலாப்பூர், தி. நகர்க்காரர்கள் எங்களோடு சேர்ந்து ஒரே பானையில் கொஞ்சம் கொஞ்சம் பணம் போட வேண்டும். அதில் இங்கே மழைத் தண்ணீர் இறங்கக் குழி வெட்ட வேண்டும், அவர்கள் மொட்டைமாடித் தண்ணீரையும் அவர்கள் கிணற்றில் இறக்க வேண்டும். லோடு குறையும், கிணறு பிழைக்கும்.

"நடக்குமா நடக்காதான்னு பாக்கணும் சேகர். மூணு எடத்துலேர்ந்தும் எடத்துக்கு ஒருத்தராவது ஞாயித்துக்கிழம இங்க வரணும். வந்தா நடக்கும்னு டிரஸ்டுக்கு எழுதுவேன். வரலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் மேடம்.

மூன்று இடத்துக்கும் போய்க் கேட்டு வர கமிட்டி என்னைத் தேர்ந்தெடுத்தது. திறமைக்காக இல்லை. கூட்டத்தில் வாயை மூடாதவன் நான் ஒருவன்தான்; ஒரு நாளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று அனுப்பினார்கள். தண்ணீர் போகிற வழியிலேயே நானும் போவது என்று முடிவு செய்தேன். பஸ் காசும் மிச்சம்.

ஐந்தே முக்கால். லாரி கிளம்பியது. டிரைவர் தயாளன், வியாசர்பாடிக்காரர். திருவான்மியூர் தாண்டும் வரை என் பையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பையில இன்னா நைனா?"

"ஒண்ணியும் இல்ல."

"அதான் பாத்தேன். உன் பேச்சு மாரியே கீது."

விஷயத்தைச் சொன்னேன். ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"துட்டு போடுவாங்களா அவங்க? லோடு நானூத்தம்பதுன்னா நாலு நாள் பேரம் பேசறவங்க. உன் கெணறு வத்துனா எங்க மொதலாளி நீலாங்கரைக்குப் போவாரு. அதுவும் வத்துனா அதுக்கு அப்பால. கடல் வரிக்கும் வேல கீது."

"அப்போ உன் வூட்டுக்குத் தண்ணி?"

"என் வூட்டுக்கா? பொஞ்சாதி காலைல மூணு மணிக்கே கொடத்த லைன்ல வச்சிட்டுத் தூங்கும். நான் ஊருக்கெல்லாம் தண்ணி ஊத்திக்கினு கீறேன், என் வூட்ல கொடம் ரோட்ல கீது."

நான் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

ஆறரை மணி, அடையாறு. சிக்னலுக்கு முன்னால் இடதுபக்கம் ஒரு காலனி, பன்னிரண்டு வீடு. நாலாயிரம் லிட்டர் இங்கே இறங்க வேண்டும். ஹோஸைத் தொட்டியில் விட்டதும், ஸ்டெல்லா டீச்சர் வந்தார். பள்ளிக்கூட டீச்சர், காலனியின் கணக்கு வழக்கும் அவர் கையில். டீச்சர் என்றதும் மூன்றாம் வகுப்பு ஞாபகத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டேன். கட்டின கையோடே விஷயத்தைச் சொன்னேன்.

"நல்ல விஷயம்தாம்பா. ஆனா காச யாரு வச்சிருப்பா? நீங்களா?"

"நான் இல்ல டீச்சர். என்கிட்ட குடுத்தா எனக்கே பயம்."

"எனக்கும் அதான் பயம். மத்தவங்க சேர்ந்தா சொல்லு, பாக்கலாம்."

திரு.வி.க. பாலம் ஏறினோம். கீழே அடையாறு கறுப்பாகப் படுத்திருந்தது. ஆற்றின் மேல் பாலம் போட்டு, அதன் மேல் லாரி ஓட்டி, அதில் கிணற்றுத் தண்ணீரை ஏற்றிப் போகிற புத்திசாலிகள் நாம். படிக்காதவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை நாள் வெட்கப்பட்டது வீண்.

மந்தைவெளி வழியாக மயிலாப்பூர், ஏழே கால். கோயில் குளம் வறண்டு, உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். தெற்கு மாடவீதிக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடி. செக்ரட்டரி ராமநாதன் மாமா, ரிடையர் ஆனவர், வேட்டியும் துண்டுமாக நின்றார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுவில் இரண்டு முறை திருத்தவும் செய்தார்.

"நோக்கு ஒண்ணு சொல்றேன். திட்டம் பேஷ். ஆனா அடையார்க்காரா சேர்ந்துட்டாளா?"

"நீங்க சேந்தா அவங்க சேருவாங்க சார்."

"அப்போ அவா மொதல்ல சேரட்டும். நாங்க பின்னாடி சேர்ந்துண்டா போச்சு."

தயாளன் லாரி மேலிருந்து, "சொன்னேன்ல?" என்றார்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். தண்ணீர் நேராக நிலத்தடித் தொட்டிக்குத்தான் போகிறது. ஆனாலும் லாரி வால்வுக்கு முன்னால் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள். பச்சை, சிவப்பு, நீலம். மாமா வீட்டு மாமியும் ஒரு ஆரஞ்சுக் குடத்தைக் கொண்டுவந்து வரிசைக் கடைசியில் வைத்தார்.

"ஆத்துல தண்ணி இல்லியா மாமி?" என்று கேட்டேன்.

"ரொம்பி வழியறது. லைன் இருக்கேன்னு ஒரு எடம் போட்டு வெச்சேன். பின்னாடி வேணும்னா?"

என் மரமண்டையில் யாரோ காற்றடித்தது மாதிரி இருந்தது. போன வருடம்தான் ஊர் பெயரை சென்னை என்று மாற்றினார்கள். பழக்கத்தை மாற்ற முடியுமா? இந்த ஊர்க்காரன் கட்சியில் சேர யோசிப்பான், கல்யாணத்துக்கு யோசிப்பான். வரிசையைப் பார்த்தால் மட்டும் யோசிக்கவே மாட்டான். முதலில் குடத்தை வைப்பான்.

"சார், சேர வேணாம். துட்டும் வேணாம். ஞாயித்துக்கிழம எங்க கெணத்தாண்ட லைன் போடறோம். யாரு குடம் கீதோ அவங்களுக்கு எடம். நாளைக்கு இந்தத் திட்டம் நடந்தா, லைன்ல நிக்காதவங்க நிக்காதவங்கதான்."

மாமா யோசித்தார். மாமி யோசிக்கவில்லை. ஆரஞ்சுக் குடத்தை என் கையில் கொடுத்துவிட்டார்.

"கொடம் பத்தரமா திரும்பி வரணும்" என்றார்.

"நீங்களே வந்து பாத்துக்குங்க மாமி."

எல்டாம்ஸ் ரோடு வழியாகத் தேனாம்பேட்டை. அண்ணா சாலையைத் தாண்டவே இருபது நிமிடம். மடியில் ஆரஞ்சுக் குடத்தோடு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஒரு பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் கை காட்டினேன்.

ஒன்பது மணி, தி. நகர், பாண்டி பஜார். இத்தனை புடவையை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. கன்னியம்மாவிடம் சொல்லக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன். கடைகளுக்குப் பின் சந்தில் ஒரு லாட்ஜ். மீதித் தண்ணீர் அங்கே. நான் சொன்னதை மேனேஜர் பல் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"இந்த ஃபண்டு விஷயம்லாம் வேணாம் தம்பி. லாரி வருது, காசு குடுக்கறேன், முடிஞ்சுது."

"சரி சார். ஞாயித்துக்கிழம எங்க கெணத்தாண்ட லைன், மயிலாப்பூர்ல குடம் குடுத்துட்டாங்க. எடம் அவங்களுக்குத்தான்" என்று ஆரஞ்சுக் குடத்தைக் காட்டினேன்.

வாயைக் கொப்பளித்தார். உள்ளே திரும்பி, "டேய், அந்த நீலக் கொடத்த எடுத்துட்டு வா" என்றார்.

திரும்பும்போது காலி லாரி குதித்துக்கொண்டு வந்தது. அடையாறில் தயாளனே வண்டியை நிறுத்தினார். "போ, டீச்சர் கொடத்தையும் வாங்கிக்கினு வா." டீச்சர் இரண்டு குடத்தையும் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார், பெயிண்டில் வீட்டு நம்பர் எழுதின பச்சைக் குடத்தைக் கொடுத்தார். என் பை அப்போதும் காலிதான். குடம் பைக்குள் போகாது.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி, எங்கள் கிணற்றடி. மூன்று குடத்தையும் வரிசையாக வைத்தேன், நீலம் முதலில். கமிட்டிக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையை எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள். காண்ட்ராக்டர் ஒப்பந்தத்தோடு காரில் வந்தார், பின்னால் தயாளன். வசந்தி மேடம் வேப்ப மர நிழலில் உட்கார்ந்திருந்தார்.

பத்தேகாலுக்கு ஸ்டெல்லா டீச்சர் சர்ச்சில் பூசை முடிந்து நேராக வந்தார். பத்தரைக்கு ஆட்டோவில் ராமநாதன் மாமா. "எங்காத்துக் கொடம் எங்கேடா? அது வராம ஆத்துக்குள்ள விடமாட்டேன்னுட்டா." இருவரும் குடத்தை எடுக்க வந்தவர்கள்தான். ஆனால் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். கன்னியம்மா கயிற்றில் போட்டிருந்த இரண்டு முடிச்சையும் பார்த்தார்கள். அதன் பிறகு குடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பணம் யாரிடம் இருப்பது என்றுதான் சண்டை. கோயில் உண்டியலுக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில் என்றார் மாமா. எங்கள் சர்ச் பெட்டிக்கும் அப்படித்தான் என்றார் டீச்சர். அப்போ இதற்கு, எங்களையும் சேர்த்து, நாலு பூட்டு என்று முடிந்தது.

பதினொன்றரை. தி. நகர் வரவில்லை.

"மூணு எடம்னு சொல்லிருந்தேன் சேகர்" என்றார் மேடம், மெதுவாக.

காண்ட்ராக்டர் சிரித்தார். "அதான் ஆள் இல்லியே. தயாளா, அந்த நீலக் கொடத்த தூக்கிப் போடு. கையெழுத்து வாங்கலாம்."

தயாளன் குடத்தருகே வந்தார். குனியவில்லை.

"அத்த நான் தொடமாட்டேன் மொதலாளி."

"இன்னாடா?"

"லைன்ல வச்ச கொடம். என் வூட்டுக் கொடமும் இப்ப எங்கியோ லைன்லதான் கீது. அத்த எவனாவது தூக்கிப் போட்டா நான் சும்மா வுடுவனா? கொடம் கீதுன்னா ஆள் கீதுன்னு அர்த்தம்."

கிணற்றடியில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நான் மேடத்திடம் கேட்டேன், "உங்க தெருவுல எப்பிடி மேடம்?"

அவர் பேனாவைத் திறந்தார். "எங்க தெருவுலயும் அப்பிடித்தான்" என்றார். எழுதினதைப் படித்தும் காட்டினார்: இரண்டு ஆள், ஒரு குடம், நடக்கும். டிரஸ்டில் அதை ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். தெரியாது என்றார். கமிட்டி அதற்குக் காத்திருக்கவில்லை. குத்தகை கிடையாது, மோட்டார் கிடையாது, பரீட்சையும் முடிந்தது என்று காண்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டது. டிரஸ்ட் வராவிட்டாலும் குழி வெட்ட மண்வெட்டி எங்களிடம் இருக்கிறது.

தயாளனுக்கு அன்றைக்கே வேலை போனது. மறுநாளே வேறு லாரி ஏறிவிட்டார். டிரைவருக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம் என்று என் கடையில் காற்றடிக்க வந்தபோது சொன்னார். காற்றுக்கு நான் காசு வாங்கவில்லை.

தி. நகர் பெரிய ஊர்தான். புடவை உண்டு, வெளிச்சம் உண்டு, எங்கள் தண்ணீரும் ஒரு மாதம் அங்கே இருந்தது. எங்களிடம் இருப்பது ஒரு கிணறும் ஒரு வரிசையும். அந்த நீலக் குடம் இன்னும் முதல் இடத்தில்தான் இருக்கிறது. மேனேஜர் வந்தால் அவர் இடம் அவருக்கு. காண்ட்ராக்டர் வந்தாலும் வரட்டும், குடம் கொண்டுவரட்டும். அந்த நீலக் குடத்துக்குப் பின்னால், எங்கள் குடத்துக்கெல்லாம் பின்னால், கடைசியில் நிற்கட்டும்.