மாமா தொடாத கால்

என் நைனாவும் என் மாமாவும் ஒருவரோடு ஒருவர் பேசாமலேயே ஒன்றாகத் தொழில் செய்தவர்கள். நைனா என்றால் அப்பா; மாமா என்றால் அம்மாவின் தம்பி, எனக்குத் தாய்மாமன். இருவருக்கும் பொதுவாக ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. விடிவதற்கு முன்பே போய் மீன் ஏற்றி, ராயப்பேட்டை, மயிலாப்பூர், அடையாறு என்று கடை கடையாக இறக்கிவிட்டு, கோட்டூர்புரத்தில் எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்புக்குத் திரும்புவார்கள். முன்சீட்டில் தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் போவார்கள். வாயை மட்டும் திறக்க மாட்டார்கள். சண்டை போட்டவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போக வேண்டாமா? மீன் காத்திருக்காதே!

சண்டை என் தம்பியின் காதுகுத்தில் வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமனோ சீர்த்தட்டுகளோடு வந்து சேர்ந்தபோது நல்ல நேரம் போய்விட்டிருந்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தது, மெதுவாகத்தான் வர முடிந்தது என்றார். நைனா கேட்டால்தானே? அத்தனை சொந்தக்காரர்களுக்கு முன்னால், "ஒழுங்கா ஸ்டியரிங் புடிக்கத் தெரியல, வண்டிமேல பழி போட்டுக்கினு கீறான்" என்று கத்திவிட்டார். மாமா பதிலுக்கு "அட போய்யா" என்றார். அக்கா புருஷனைச் சபையில் வைத்துப் போய்யா என்றால் சும்மா விடுவார்களா? அடுத்த பிளாக்கில் இருந்த பெரியப்பா, நைனாவின் அண்ணன், யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொல்கிறவர். மாமா நைனாவின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டால்தான் ஆச்சு என்று சொல்லிவிட்டார். மாமாவும் சளைத்தவரா? "உசுரே போனாலும் அந்தாளு காலைத் தொட மாட்டேன்" என்று எல்லார் காதிலும் விழச் சத்தியம் செய்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார். மறுநாள் விடிகாலையில் இருவரும் ஒன்றாக மீன் ஏற்றப் போனார்கள்.

அன்றிலிருந்து நடுவில் நான். "அந்தாளாண்ட சொல்லு, டீசல் போடணும்னு." "ஒங்க நைனாவாண்ட சொல்லு, போட்டாச்சுன்னு." இருவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்பார்கள். நானும் ஒவ்வொரு முறையும் முகத்தைப் பெரிய மனுஷி மாதிரி வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வேன். வகுப்பில் லீடராக இருப்பதைவிட அது எனக்குப் பெருமையாக இருந்தது.

மீன் வண்டிக்கு எமன் உப்புத் தண்ணீர். ஐஸ் கரைந்து சொட்டிச் சொட்டி, எங்கள் வண்டியின் அடிச்சட்டம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. ஓர் இடத்தில் என் சுண்டுவிரல் உள்ளே போனது. அந்தத் திங்கட்கிழமை எஃப்சிக்குக் காட்ட வேண்டும். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று ஆர்டிஓ ஆபீஸில் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நேரே காயலான் கடைதான். அம்மாவின் பயம் வண்டியைப் பற்றியதுகூட இல்லை. "வண்டி போச்சுன்னா என் தம்பியும் வெளியூர் லாரிக்குப் போய்டுவான். அப்பால இந்த வீட்டுப் பக்கம் தல வெச்சிப் படுக்க மாட்டான்" என்று அரிசி களையும்போதெல்லாம் புலம்புவாள். மாமா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் போய்விட்டால் எனக்கு யார் பரோட்டா வாங்கி வருவார்கள்?

அந்த வாரம் முழுக்கத் துருவைச் சுரண்டினார்கள். வெல்டிங்காரர் வந்து ஓட்டை விழுந்த இடங்களில் தகடு வைத்துப் பற்றவைத்தார். மாமா சிவப்புப் பெயின்ட் அடித்தார். மிச்சம் இருந்தது புஷ் மாற்றுவதுதான். ஸ்பிரிங் பட்டையும் சட்டமும் சேரும் இடத்தில் ரப்பர் வைத்த ஒரு வளையம் இருக்கும், அதுதான் புஷ். இரும்போடு இரும்பு உரசாமல் நடுவில் கிடந்து தேய்வது அதன் வேலை. எனக்கும் அப்போது அதே வேலைதான்.

ஞாயிற்றுக்கிழமை பிளாக்குக்குப் பின்னால், ஆற்றுப் பக்கத்துக் காலி இடத்தில் வேலை தொடங்கியது. முந்தின நாள் பெய்த மழையில் மண் ஊறிப் போயிருந்தது. பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, சட்டத்தின் ஒரு பக்கத்துக்குக் கருங்கல்லை முட்டுக்கொடுத்தார்கள். மறுபக்கத்துக்குக் கல் கிடைக்கவில்லை. மண்மேல் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தினார் நைனா.

"அந்தப் பக்கமும் ஒரு கல்லு வெச்சிட்டு உள்ள போகச் சொல்லு" என்றார் மாமா.

சொன்னேன். "எனக்கும் கண்ணு கீதுன்னு சொல்லு" என்று வண்டிக்கடியிலிருந்து பதில் வந்தது. அதையும் சொன்னேன்.

பழைய புஷ்ஷை வெளியே எடுப்பதற்குள் நைனாவின் பனியன் நனைந்துவிட்டது. எடுத்த பிறகு பார்த்தால் அதில் ரப்பரே இல்லை. கைபட்டதும் தூள் தூளாக உதிர்ந்தது. போல்ட் இரும்பிலேயே உரசி உரசி ஒரு பக்கம் தேய்ந்து போயிருந்தது. இப்படி இருந்தால் எந்த வண்டியும் ஒரு பக்கம் இழுக்கத்தான் செய்யும். புஷ்ஷை மாற்ற வேண்டும் என்று மாமா காதுகுத்துக்கு முன்பிருந்தே கெஞ்சிக்கொண்டிருந்தார், அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தது நைனாதான். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நைனா அந்தத் தேய்ந்த போல்ட்டைத் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைத் தூக்கிப் போடாமல் இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் வேலை செய்ததில் ஒரு வீம்பு ஏறிவிட்டது. தப்பு தன்மேல் என்று தெரிந்ததும் சிலருக்குக் கோபம் கூடும். என் நைனா அந்த ரகம். அது எனக்கும் வந்திருப்பதாக என் வீட்டுக்காரர் சொல்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும்.

புதுப் புஷ் உள்ளே வழுக்கிப் போகச் சோப்புத் தண்ணீர் வேண்டும் என்றார்கள். அம்மா பத்திரமாக வைத்திருந்த சந்தன சோப்பைத் தூக்கி வந்து கரைத்துவிட்டேன். எங்கள் மீன் வண்டி பிறந்ததிலிருந்து அன்றுதான் மணத்தது. புஷ் உட்கார்ந்தது. புது போல்ட்டையும் மாட்டியாயிற்று. நைனா ஸ்பானரில் ஒரு நீளக் குழாயைச் சொருகி, படுத்தபடியே இழுத்து முறுக்கத் தொடங்கினார்.

மாமா பதறிப்போனார். "இப்ப முறுக்க வாணாம்னு சொல்லு. வண்டி தரையில குந்தி எட எறங்கனப்பறம்தான் முறுக்கணும். தொங்கிக்கினு இருக்கறப்பவே முறுக்குனா புஷ்ஷு கிழிஞ்சிடும்."

நான் குனிந்து ஒப்பித்தேன். "தெரியும்னு சொல்லு" என்றார் நைனா. சொல்லிவிட்டு இன்னும் பலமாக இழுத்தார்.

அவர் இழுக்கும்போதெல்லாம் வண்டி லேசாக அசைந்தது. ஜாக்கிக்குக் கீழே பலகையின் ஓரம் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. அதை முதலில் பார்த்தவர் மாமா. அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் நானும் பார்த்தேன். பலகையின் ஒரு முனை முழுசாக மண்ணுக்குள் போயிருந்தது.

"வெளிய வரச் சொல்லு. சீக்கிரம்!"

"நைனா, மாமா ஒன்ன வெளிய வரச் சொல்றாரு!"

"அந்தாளு சொல்லி நான் வரணுமா? முடியாதுன்னு சொல்லு."

நான் நிமிர்ந்தேன். "மாமா, நீ சொல்லி நைனா வர..."

மாமா அங்கே நிற்கவில்லை. சேற்றில் சரிந்து விழுந்து, வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நைனாவின் இரண்டு கணுக்கால்களையும் பிடித்து, மூட்டையை இழுப்பது போல ஒரே இழுப்பாக இழுத்தார். நைனாவின் தலை வெளியே வந்ததும் ஜாக்கி சாய்ந்தது. வண்டி இறங்கிய சத்தத்தில் ஆற்றோரத்துக் கொக்குகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. நைனாவின் மார்பு இருந்த இடத்தில் இப்போது சட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. நீளக் குழாய் வளைந்து கிடந்தது.

நைனா மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தார். மாமா உட்கார்ந்தபடியே அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். விடவே இல்லை.

நான் அழுதிருக்க வேண்டும். என் புத்தி எங்கே போனது பாருங்கள்! எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கைகளும் அந்தக் கால்களும்தான். தொட மாட்டேன் என்ற மாமா தொட்டுவிட்டார். சண்டை தீர்ந்தது. நான் பிளாக்கைப் பார்த்து ஓடினேன், குடியிருப்பு முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே ஓடினேன். "அம்மா! மாமா நைனா காலைத் தொட்டுட்டாரு! தொட்டுட்டாரு!"

ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் முளைத்தன. அம்மா கையில் மாவோடு, முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி ஓடி வந்தாள். சாய்ந்து கிடந்த வண்டியைப் பார்த்தாள், வளைந்த குழாயைப் பார்த்தாள், அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் பெரியப்பா வேகமாக வந்துகொண்டிருந்தார்.

"இன்னாடா, கடைசியா வழிக்கு வந்தானா? கால்ல வுழுந்தானா?" என்று தூரத்திலிருந்தே கேட்டார்.

மாமா எழுந்து ஒதுங்கிப் போய், தலையைக் குனிந்துகொண்டு கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நைனாவும் எழுந்தார். அவருடைய இரண்டு கணுக்கால்களிலும் மாமாவின் விரல்கள் கிரீஸ் கறுப்பில் அப்படியே பதிந்திருந்தன. அண்ணன் அருகில் வந்ததும் நைனா மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துப் பாதம்வரை இறக்கிவிட்டார். பெரியவர்கள் எதிரில் வந்தால் அவர் எப்போதும் செய்கிற மரியாதைதான் அது என்று நினைத்தேன்.

"யாரு யார் கால்ல வுழுந்தது? ஜாக்கி எறங்கிச்சி, நானே வெளிய வந்துட்டேன். இது சின்னப் புள்ள, இன்னாத்தையோ பாத்துட்டு ஒளறிக்கினு கீது" என்றார் நைனா.

"பொய்! மாமா ரெண்டு கையாலயும் ஒன் காலை..." என்று நான் ஆரம்பித்ததும் அம்மா மாவுக் கையால் என் வாயைப் பொத்திவிட்டாள். பெரியப்பா ஏமாந்த முகத்தோடு திரும்பிப் போனார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அழிரப்பர் தொலைந்ததற்கு ஒரு பொய் சொன்னேன் என்று என் முதுகில் ஒன்று வைத்த அதே நைனா, ஊர் கூடி நிற்கும்போது என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாரே!

அப்புறம் நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கினார்கள். இரண்டு பக்கமும் கல் வைத்தார்கள். முறுக்கியதைத் தளர்த்தி, சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கினார்கள். நைனா கையில் ஸ்பானரோடு காத்திருந்தார். "ஒங்க மாமாவாண்ட கேளு, இப்ப முறுக்கலாமான்னு" என்றார். அதுவரை மாமா 'அந்தாளு'வாக இருந்தார். கோபத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் எஃப்சி கிடைத்துவிட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலத்தைப் பற்றி.

குழாயடியில் நைனா கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, கணுக்காலில் இருந்த கறுப்பைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். அது போவதாக இல்லை. பக்கத்தில் குந்தியிருந்த மாமா, நைனாவின் கால்மேல் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் என் தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நின்றேன்.

"டேய், அந்தாளாண்ட சொல்லு. பொய் சொல்றவங்களோட நான் பேச மாட்டேன்னு சொல்லு" என்றேன்.

நைனா என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். இருவரும் ஒரே சமயத்தில் சிரிக்க ஆரம்பித்தார்கள். நைனா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், துடைத்தும் கண்ணீர் நிற்கவில்லை. நான் காலை உதைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் போனேன். அப்படிச் சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவே இல்லை.